ஆறு வகுத்த எல்லை: நியூசிலாந்தின் மண்டல மன்றம் என்ன செய்கிறது?

நியூசிலாந்தின் பாமர்ஸ்டன் நார்த் நகரில் வீடு வாங்கிக் குடியேறுபவருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வி எழும். வீட்டு வரி கேட்டு இரண்டு அலுவலகங்களிலிருந்து கடிதம் வரும். நகர மன்றத்தின் கடிதம் எதற்கென்று எளிதில் விளங்கிவிடும். குழாயில் தண்ணீர் வருகிறது, சாக்கடை போகிறது, நூலகம் இருக்கிறது, தெருவிளக்கு எரிகிறது. இரண்டாவது கடிதம் ‘ஹொரைசன்ஸ் மண்டல மன்றம்’ என்ற பெயரில் வரும். தொகை முதல் கடிதத்தில் உள்ளதைவிடக் குறைவு. ஆனால் இவர்கள் யார், நமக்கு என்ன செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. “ஆறு, பஸ், பாசம் (possum) என்ற விலங்கைப் பிடிக்கிறது, அப்புறம் என்னவோ” என்பார்கள்.

அந்த ‘என்னவோ’வைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நியூசிலாந்தில் வாழும் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களும், ஒரு நாடு தன் ஆறுகளைக் கண்காணிக்கத் தனியாக ஒரு மன்றத்தையே வைத்திருக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது

ஒரு மாவட்டத்தின் எல்லை எப்படி வந்தது என்று கேட்டால், மக்கள்தொகை, பழைய ஆட்சி எல்லை, நிர்வாக வசதி என்று ஏதாவது காரணம் சொல்வோம். நியூசிலாந்தின் மண்டல மன்றங்களுக்கு எல்லை வகுத்தது பெரும்பாலும் மலைமுகடு. முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழை எந்த ஆற்றில் போய்ச் சேருகிறதோ, அந்த ஆற்றின் வடிநிலம் முழுவதும் கூடுமானவரை ஒரே மன்றத்தின் கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தே கோடு போட்டார்கள்.

ஹொரைசன்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடக்குத் தீவின் கீழ்ப்பாதியில், சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், மனவாட்டூ, ரங்கிடீக்கெய், வாங்கனுய் ஆகிய மூன்று பெரிய ஆறுகளின் வடிநிலத்தை அது பார்த்துக்கொள்கிறது. இதில் மனவாட்டூ விசித்திரமான ஆறு. ருவாஹைனே மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் பிறக்கிறது. கிழக்கே பிறந்த ஆறு கிழக்குக் கடலுக்குத்தானே போக வேண்டும்? இது மலைத்தொடரையே குறுக்கே அறுத்துக்கொண்டு, மனவாட்டூ கணவாய் வழியாக மேற்கே வந்து, பாமர்ஸ்டன் நார்த்தைத் தொட்டு, ஃபாக்ஸ்டன் அருகே கடலில் கலக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டானவர்க் ஊரை வெறும் வரைபடத்தில் பார்த்தால், கிழக்குக் கரையிலிருக்கும் ஹாக்ஸ் பே மண்டலத்தோடு சேர வேண்டியது போலத்தான் தெரியும். ஆனால் டானவர்க்கில் பெய்த மழை மேற்கே ஓடி வருகிறது. அதனால் டானவர்க்கும் ஹொரைசன்ஸ் எல்லைக்குள்தான்.

இப்படி ஓர் ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. குடியேறியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைச்சரிவுக் காடுகளை வெட்டி ஆட்டுக்குப் புல்வெளி ஆக்கினார்கள். வேர் போன பிறகு மண் நிற்குமா? மழைக்கு மழை சரிந்து ஆற்றில் விழுந்தது. 1938 ஏப்ரலில் ஹாக்ஸ் பேயின் எஸ்க் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் சில இடங்களில் மூன்று மீட்டர் அளவுக்கு வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. 1941-இல் மண் பாதுகாப்பு, ஆற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ் வடிநில வாரியங்கள் அமைந்தன. ஆற்றங்கரையை உயர்த்துவதும் மலைச்சரிவில் மரம் நடுவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்பதை அந்த வாரியங்கள் அப்போதே புரிந்துவைத்திருந்தன.

1989-இல் உள்ளாட்சி அமைப்பையே அடியோடு மாற்றினார்கள். சிறிதும் பெரிதுமாக நாடெங்கும் இருந்த எண்ணூற்றுச் சொச்சம் உள்ளாட்சி அமைப்புகள் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கின. வடிநில வாரியங்களின் பொறுப்பு புதிய மண்டல மன்றங்களுக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 1991-இல், இயற்கை வள மேலாண்மைச் சட்டம் வந்தது. தண்ணீர் எடுப்பதும், ஆற்றிலோ காற்றிலோ மண்ணிலோ கழிவை விடுவதும் மண்டல மன்றத்தின் அனுமதிக்கு உட்பட்டவை ஆயின. சுற்றுச்சூழல் எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து அளந்து வருவதும் சட்டப்படி கட்டாயமானது. ‘கண்காணிப்பு’ என்ற சொல்லுக்கு இங்கே இதுதான் அடித்தளம். விருப்பம் இருந்தால் அளக்கலாம் என்பதெல்லாம் கிடையாது.

இன்று இப்படி 11 மண்டல மன்றங்கள் உள்ளன. ஆக்லாந்து, கிஸ்போர்ன், நெல்சன், டாஸ்மன், மார்ல்பரோ ஆகிய இடங்களில் மட்டும் நகர வேலையையும் மண்டல வேலையையும் ஒரே மன்றம் செய்கிறது.

ஏன் இரண்டு மன்றங்கள்?

இரண்டையும் எல்லா ஊரிலும் ஒன்றாக்கிவிட்டால் செலவு மிச்சமாகுமே என்று தோன்றும். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். ஊரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுவது யார்? நகர மன்றம். அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதும், மீறினால் நடவடிக்கை எடுப்பதும் யார்? மண்டல மன்றம். ஆற்றில் கழிவை விடுபவரும் அதற்குக் காவல் நிற்பவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாமர்ஸ்டன் நார்த்தின் சுத்திகரித்த கழிவுநீர் மனவாட்டூ ஆற்றில்தான் கலக்கிறது. அதற்கான அனுமதியை நகர மன்றம் ஹொரைசன்ஸிடம்தான் வாங்க வேண்டும்.

ஆனால் இரண்டு மன்றங்கள் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாவ்லாக் நார்த் சாட்சி.

ஹாக்ஸ் பேயில் சுமார் 14,000 பேர் வாழும் ஊர் அது. 2016 ஆகஸ்ட் தொடக்கத்தில் கனமழை பெய்தது. மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கை மழையில் கரைந்து பக்கத்துக் குளத்தில் சேர்ந்தது. அந்தக் குளத்துக்கும் ஊருக்குக் குடிநீர் தந்த ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் நிலத்தடியில் தொடர்பு இருந்தது. குளோரின் சேர்க்காத தண்ணீர் நேரே குழாய்களில் போனது. கேம்பைலோபாக்டர் என்ற கிருமியால் சுமார் 5,500 பேர் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். நான்கு பேரின் இறப்போடு அது தொடர்புபடுத்தப்பட்டது.

குடிநீர் வழங்கியது ஹேஸ்டிங்ஸ் மாவட்ட மன்றம். நிலத்தடி நீருக்குப் பொறுப்பு ஹாக்ஸ் பே மண்டல மன்றம். அரசு அமைத்த விசாரணை இரு தரப்பையும் குறை சொன்னது. நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குக் காவலாக இருக்க வேண்டிய மண்டல மன்றம், கிணற்றைச் சுற்றியுள்ள அபாயங்களைப் போதிய அளவு அறிந்துவைத்திருக்கவில்லை என்றது. இரண்டு மன்றங்களுக்கும் இடையே ஒத்துழைப்பு இல்லாததையும் சுட்டிக்காட்டியது. அந்த விசாரணைக்குப் பிறகே குடிநீருக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவானது.

இந்த நிகழ்வை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்றால் பறவை, மீன், அழகான ஆறு என்று தொலைவில் உள்ள ஒன்றாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஹாவ்லாக் நார்த்தில் அது சமையலறைக் குழாய்க்குள் வந்து நின்றது.

ஆற்றை எப்படி அளக்கிறார்கள்

இனி அளக்கும் வேலைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கோடைகாலத்தில் மக்கள் குளிக்கும் இடங்களில் வாரந்தோறும் தண்ணீர் எடுப்பார்கள். கிருமிநீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தேடுவது ஈ. கோலை என்ற பாக்டீரியாவை. மனிதரின் குடலிலும் கால்நடை, பறவைகளின் குடலிலும் வாழ்வது அது. தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்திருந்தால் நோய் தரும் வேறு கிருமிகளும் உடன் வந்திருக்கலாம். 100 மில்லிலிட்டரில் 260 வரை இருந்தால் பச்சை, அதற்கு மேல் 550 வரை மஞ்சள், 550-ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்த இடத்தில் குளிக்கக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். திங்கள்கிழமை எடுத்த தண்ணீரின் முடிவு செவ்வாய் அல்லது புதன்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் ஆறு வேறு தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ‘கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஆற்றில் இறங்காதீர்கள்’ என்ற எளிய அறிவுரை எந்தக் கருவியைவிடவும் அதிகம் உதவுகிறது. மழைநீர்தான் மேய்ச்சல் நிலத்துச் சாணியையும் தெருக் கழிவையும் ஆற்றுக்குள் அடித்துக்கொண்டு வருகிறது.

அளவு தொடர்ந்து அதிகமாக இருந்தால் அந்த மலம் யாருடையது என்ற கேள்வி வரும். மாடா, வாத்தா, மனிதரா? டி.என்.ஏ. சோதனையில் இதைப் பிரித்துச் சொல்லிவிட முடியும். மனித மலம் என்று தெரிந்தால் உடைந்த சாக்கடைக் குழாயைத் தேடுவார்கள். மாட்டுச் சாணி என்றால் ஆற்றோரம் வேலி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு கறுப்பு வட்டத்தகடு போதும். அதைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு, கண்ணாடி பொருத்திய குழாய் வழியே நீருக்கடியில் பார்த்தபடி ஒருவர் பின்னால் நகர்வார். தகடு எந்த இடத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அந்தத் தூரம்தான் தெளிவு. 1.6 மீட்டர் தெரிந்தால் குளிக்கத் தகுந்த தெளிவு என்பது நியூசிலாந்தில் நெடுங்காலமாக உள்ள வழிகாட்டு அளவு. களிமண் கலங்கி ஓடும் ஆற்றில் அரை மீட்டர்கூடத் தெரியாது.

மூன்றாவது அளவுகோல் பூச்சிகள். ஆற்றில் இறங்கிக் கூழாங்கற்களைப் புரட்டி, கீழே வலையைப் பிடித்து, கல்லுக்கடியில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களைச் சேகரிப்பார்கள். சில இனங்கள் தூய்மையான, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டுமே பிழைக்கும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இளம்புழுக்கள் அப்படிப்பட்டவை. சில புழுக்கள் எந்தச் சேற்றிலும் வாழும். ஜான் ஸ்டார்க் என்ற உயிரியலாளர் டரநாக்கி பகுதி ஓடைகளை வைத்து 1985-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு உயிரினத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். அழுக்கில் வாழும் புழுவுக்கு 1. டிலியட்டிடியம் என்ற மேஃப்ளைக்கு 8. கிடைத்த இனங்களின் சராசரியை 20-ஆல் பெருக்க வேண்டும். 120-க்கு மேல் வந்தால் ஓடை நன்றாக இருக்கிறது. 80-க்குக் கீழே போனால் மோசம். எம்.சி.ஐ. என்று இதைச் சொல்வார்கள். நாடெங்கும் இன்றும் வழக்கில் இருக்கும் முறை.

பூச்சியை ஏன் நம்ப வேண்டும்? குப்பியில் பிடித்த தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். நேற்றிரவு யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால் இன்று காலை அது தெரியாமல் போகலாம். கல்லுக்கடியில் இருக்கும் பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே வாழ்ந்திருக்கிறது. அந்தக் கழிவும் அதன்மேல் பட்டுத்தான் போயிருக்கும். ஓடை தன் கணக்கைத் தானே எழுதிவைத்திருப்பது போல. பள்ளிப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போய் இதைச் செய்ய வைக்கிறார்கள். பல மண்டல மன்றங்கள் துணை நிற்கும் ‘என்வைரோஸ்கூல்ஸ்’ திட்டத்தில் இதுபோன்ற வேலைகள் நடக்கின்றன. கல்லைப் புரட்டி ஒரு மேஃப்ளையைத் தானே கண்டுபிடித்த எட்டு வயதுப் பிள்ளைக்கு ‘நீர்த் தரம்’ என்ற சொல் அதன்பிறகு மறக்காது.

ஆற்றின் உயரமும் வேகமும் தனிக் கணக்கு. ஆற்றோர நிலையங்களில் உள்ள கருவிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் மட்டம் தெரிந்தால் மட்டும் எத்தனை கனமீட்டர் தண்ணீர் போகிறது என்று சொல்லிவிட முடியாது. ஊழியர்கள் நேரில் போய், வெவ்வேறு மட்டங்களில் ஓட்டத்தை அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை வரைபடமாக்க வேண்டும். பெருவெள்ளம் வந்து படுகையையே புரட்டிப் போட்டுவிட்டால் பழைய வரைபடம் செல்லாது. மறுபடி அளக்க வேண்டும். வெள்ளம் கரைபுரளும்போது, மற்றவர்கள் மேட்டுக்குப் போகும் நேரத்தில், இவர்கள் அளப்பதற்காக ஆற்றங்கரைக்குப் போகிறார்கள்.

நிலத்தடி நீருக்குக் கிணறுகள், காற்றுக்கு வடிகட்டி வைத்த கருவிகள். காற்றில் பெரிய எதிரி தொழிற்சாலை என்று நினைப்போம். நியூசிலாந்தின் பல சிற்றூர்களில் குளிர்காலக் கணப்பு அடுப்பில் எரிக்கும் விறகுதான் எதிரி. ஹொரைசன்ஸ் பகுதியில் டைஹாப்பே, டௌமருனுய் ஊர்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. காற்றில்லாத குளிர் இரவுகளில் கனத்த குளிர்க்காற்று மூடிபோட்டது போல் கீழே தங்கிவிடும். புகை மேலே போக வழியில்லை. பி.எம்.10 என்னும் நுண்துகள் ஒரு கனமீட்டரில், 24 மணி நேரச் சராசரியாக, 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது தேசிய வரையறை.

ஒரு எண்ணும் அதைச் சுற்றிய சச்சரவும்

அளப்பது என்றால் சண்டையும் சேர்ந்தே வரும். 2009-இல் மனவாட்டூ ஆற்றின் மேற்பகுதியில், ஹோப்லாண்ட்ஸ் என்ற இடத்தில் எடுத்த அளவு ஒன்றைக் காத்ரன் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பகலுக்கும் இரவுக்கும் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு அது. பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாசி அளவோடு இருந்தால் ஏற்றத்தாழ்வு சிறிதாக இருக்கும். உரமும் கழிவும் கலந்து பாசி கொழுத்துவிட்டால் பகலில் ஆக்சிஜன் உச்சிக்குப் போய், விடியலுக்கு முன் மீன் மூச்சுத்திணறும் அளவுக்குச் சரியும். வேறு நாட்டு ஆறுகளோடு ஒப்பிட்டபோது மனவாட்டூவின் எண் மிக மோசமான இடத்தில் நின்றது.

உடனே ‘மேலைநாடுகளிலேயே மிக மாசடைந்த ஆறு’ என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓரிடத்தில் எடுத்த ஓர் அளவை வைத்து ஆறு முழுவதற்கும் பட்டம் சூட்டலாமா என்று எதிர்ப்பும் கிளம்பியது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த எண்ணால் ஒரு நல்லது நடந்தது என்றே நான் நினைக்கிறேன். 2010-இல் மண்டல மன்றம், நகர, மாவட்ட மன்றங்கள், நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி குலங்கள், பால் பண்ணையாளர்கள், ஆலைகள், சூழல் அமைப்புகள் என எல்லோரும் ஒரே மேசைக்கு வந்து, ஆற்றை மீட்பதற்கான உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நீங்கள்தான் காரணம் என்று அதுவரை ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அளந்த பிறகு என்ன செய்கிறார்கள்

ஷானனுக்கும் ஃபாக்ஸ்டனுக்கும் இடையில் மோட்டோவா என்ற இடத்தில் ஒன்பது கதவு கொண்ட மதகு ஒன்று உண்டு. 1962-இல் கட்டியது. மதகு என்ற சொல் நமக்குப் பழகியதுதான், ஏரி மதகு, வாய்க்கால் மதகு என்று. இந்த மதகைத் திறப்பது பாசனத்துக்காக இல்லை. மனவாட்டூ கீழ்ப்பகுதியில் பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். வெள்ளம் வந்தால் அந்த வளைவுகளில் தேங்கிக் கரையை உடைக்கும். அந்த ஆபத்து நெருங்கும்போது கதவுகளைத் திறந்துவிட்டால், வெள்ளத்தின் ஒரு பகுதி சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அகன்ற புல்வெளிப் பாதையில் குறுக்கே இறங்கி, கடலை நோக்கிப் போய்விடும். மற்ற நாட்களில் அந்தப் பாதையில் மாடு மேயும். திறக்கும் முன் மாட்டை ஓட்டிவிட வேண்டும். ஆகவே எத்தனை மணிக்கு எந்த மட்டம் வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மேலே மலையில் மழை அளக்கும் கருவியும், ஆற்றோர நிலையமும், இந்த மதகும் ஒரே சங்கிலியில் கோத்தவை.

2004 பிப்ரவரியில் அந்தச் சங்கிலிக்குக் கடும் சோதனை வந்தது. பெருமழையில் மலைச்சரிவுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் பெயர்ந்தன. கீழ்ப்பகுதியில் 2,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கரையை எத்தனை உயரம் கட்டினாலும் மேலே மண் சரிந்துகொண்டே இருந்தால் படுகை மேடாகிக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெளிவானது. 2006-இல் ஹொரைசன்ஸ் ஒரு நீண்டகாலத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மலைப் பண்ணைக்கும் ஆள் போய், எந்தச் சரிவு நிலையானது, எது சரியக்கூடியது என்று உழவரோடு சேர்ந்து நடந்து பார்த்து வரைபடம் போடுவது முதல் வேலை. சரியக்கூடிய இடத்தில் பாப்லர், வில்லோ மரக் கழிகளை நடுவார்கள். நாற்றாக நட்டால் ஆடு மாடு தின்றுவிடும். அதனால் மூன்று மீட்டர் உயரக் கழியாகவே ஊன்றுவார்கள். தழை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் துளிர்க்கும். வேர் கீழே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல்லும் வளரும், மேய்ச்சலும் நடக்கும். செலவில் ஒரு பங்கை மன்றமும் அரசும் ஏற்கும், மீதியை நில உரிமையாளர் தருவார்.

மண்டல மன்றம் தரும் சேவைகளில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது இதுதான். மலைமேல் யாரோ ஒருவரின் பண்ணையில் நட்ட கழி, எண்பது கிலோமீட்டர் கீழே இருக்கும் ஒருவர் வீட்டுக்குள் வெள்ளம் புகாமல் இருக்க உதவுகிறது. அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இருக்காது.

மற்ற சேவைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பஸ் மண்டல மன்றத்தின் கையில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பஸ் தடம் ஊர் எல்லையைத் தாண்டி ஓடுவதால் அப்படி அமைந்தது. வெலிங்டனில் ரயிலும் சேர்த்து. பாமர்ஸ்டன் நார்த்தில் 2024 மார்ச்சில் நகர பஸ்கள் அனைத்தையும் மின்சார பஸ்களாக்கிப் புதிய தடங்களை விட்டார்கள். உடற்குறையால் பஸ் ஏற முடியாதவர்களுக்கு டாக்சிக் கட்டணத்தில் சலுகை தரும் ‘டோட்டல் மொபிலிட்டி’ திட்டமும் இவர்கள் வழியாகத்தான் நடக்கிறது. தகுதி இருந்தும் இது தெரியாத முதியவர்கள் நம் சமூகத்தில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பிறகு, பாசம். ஆற்றுப் பாசி வேறு, இது வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து ரோமத்துக்காக 1837-இல் கொண்டுவந்துவிட்ட மரவிலங்கு. காட்டின் இலையையும் பறவை முட்டையையும் தின்று தீர்ப்பதோடு, மாட்டுக்குக் காசநோயையும் பரப்பும். 1993-இன் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு மண்டலமும் தீங்குயிர்ப் பட்டியல் ஒன்றை வைத்து ஒழிப்பு வேலை செய்கிறது. பேரிடர் காலத்தில் நகர, மாவட்ட மன்றங்களோடு சேர்ந்து மீட்பு வேலையை ஒருங்கிணைப்பதும், போஹங்கினா பள்ளத்தாக்கில் உள்ள டோட்டரா ரிசர்வ் போன்ற பூங்காக்களைப் பராமரிப்பதும் இதே மன்றம்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றால், வீட்டு வரி, அரசு மானியம், அனுமதி வாங்கியவர்கள் கட்டும் கட்டணம் ஆகியவற்றிலிருந்து. வரியிலும் பொது வரி ஒன்று, குறிப்பிட்ட நன்மை பெறுபவர்கள் மட்டும் கட்டுவது ஒன்று. வெள்ளக்கரையின் காவலில் இருக்கும் வீடு அந்தக் கரைக்கென்று தனியாகக் கட்டும். கடிதத்தில் ஏழெட்டு வரி இருப்பதற்கு இதுதான் காரணம். பொறுமையாக ஒருமுறை படித்தால் உங்கள் வீடு எந்த ஆற்றின் வடிநிலத்தில் இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். சில மன்றங்களுக்குத் துறைமுகங்களும் சொந்தம். ஒட்டாகோ துறைமுகம் முழுவதும் ஒட்டாகோ மண்டல மன்றத்துடையது.

வாக்கும் ஆறும்

மன்ற உறுப்பினர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உழவரும் நகரவாசியும் ஒரே மேசையில் அமர்ந்து ‘ஆற்றில் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம்’ என்று முடிவெடுப்பது எளிதல்ல. கேன்டர்பரியில் தண்ணீர் நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி 2010-இல் அரசு அங்கிருந்த உறுப்பினர்களை நீக்கி ஆணையர்களை நியமித்தது. முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் மீண்டும் அமர 2019 ஆனது. ஒன்பது ஆண்டுகள் தம் ஆற்றைப் பற்றி முழு வாக்குரிமை இல்லாமல் மக்கள் இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே மன்றம் 2025 செப்டம்பரில், நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறிவருவதை முன்வைத்து நெருக்கடி நிலை அறிவித்தது. பல ஆண்டுகளாகக் கிணறு கிணறாக எடுத்துவைத்த அளவுகள் கையில் இருந்ததால்தான் அப்படி அறிவிக்க முடிந்தது.

ஹொரைசன்ஸ் எல்லைக்குள் இன்னொரு குரலும் உண்டு. வாங்கனுய் ஆற்றை 2017-இன் சட்டம் ஒரு சட்டபூர்வ நபராக ஏற்றுக்கொண்டது. மலையிலிருந்து கடல்வரை பிரிக்க முடியாத ஓர் உயிர் அது என்று வாங்கனுய் மாவோரி மக்கள் நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடியதன் பலன். ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகிறார்கள். மண்டல மன்றம் அந்த ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும்போது ஆற்றின் அந்தத் தகுதியையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பு இப்படியே நீடிக்குமா என்பது இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2025 நவம்பரில் நியூசிலாந்து அரசு, மண்டல மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, அந்த மண்டலத்து மேயர்கள் அடங்கிய குழுவிடம் பொறுப்பைத் தரும் யோசனையை முன்வைத்தது. செலவு குறையும், குழப்பம் தீரும் என்பது அரசின் வாதம். வரிக்கடிதம் இரண்டு வந்தாலே குழம்புகிறோம் என்பதால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. என் கவலை வேறு. மேயர் நகர மன்றத்தின் தலைவர். அந்த நகர மன்றம்தான் ஆற்றில் கழிவுநீர் விட அனுமதி கேட்டு வரும். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவராகிவிட்டால் அளந்த எண்ணை யார் உரக்கப் படிப்பார்கள்?

அந்த எண்களை நாமே படிக்கலாம் என்பதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். நாட்டின் 16 மண்டல, ஒருங்கிணைந்த மன்றங்களின் அளவுகளும் ‘லாவா’ என்ற இணையதளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ‘இங்கே நீந்தலாமா?’ என்ற பகுதிக்குப் போய் உங்கள் ஊர் ஆற்றைத் தட்டினால் வரைபடத்தில் குளிக்கும் இடங்கள் வரும். நிறத்தைப் பாருங்கள். அது எந்தத் தேதியில் எடுத்த அளவு என்றும் பாருங்கள். பிறகு கடந்த மூன்று நாளில் மழை பெய்ததா என்று நினைத்துப் பாருங்கள். பெய்திருந்தால், நிறம் பச்சையாகவே இருந்தாலும், பிள்ளைகளை அடுத்த வாரம் கூட்டிப்போங்கள்.